பாட்டு நோட்டிலிருந்து டேப்லெட்டுக்கு: செட்டிநாட்டு மெல்லிசைக் குழுக்களுக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் கல்யாணத்துக்கும் மணிவிழாவுக்கும் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் வாசிக்கிற குழுக்களில் பாதிப் பேர் இன்னும் பாட்டு நோட்டோடுதான் மேடை ஏறுகிறார்கள். மாற வேண்டும் என்று ஆசை இருக்கும், எங்கே தொடங்குவது என்று தெரியாது. நாங்கள் மாறியபோது பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைக்காரர் ஒன்று சொன்னார், வெளிநாட்டு வீடியோக்களில் வேறொன்று காட்டினார்கள், நம் ஊர்ப் பந்தலுக்கு அடியில் நடந்தது இரண்டுமே இல்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படிக்கும்போது ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு எடுக்கும் இடைவெளியைக் குறைக்கத்தான் டேப்லெட் வாங்குகிறோம். அந்த இடைவெளி நீண்டால் கூட்டம் எழுந்து பந்திக்குப் போய்விடும். வாங்குகிற ஒவ்வொரு பொருளும், செய்கிற ஒவ்வொரு வேலையும் அந்த இடைவெளியைக் குறைக்கிறதா என்று பாருங்கள். குறைக்காவிட்டால் தேவையில்லை.

1. யார் கையில் இருக்க வேண்டும்?

எட்டுப் பேர் குழுவுக்கு எட்டு டேப்லெட் வேண்டாம். முதலில் ஒன்று. அது கீபோர்டு வாசிப்பவரிடமோ குழுவை நடத்துபவரிடமோ இருக்கட்டும். இரண்டு மாதம் பழகிய பிறகு பாடுகிறவர்களுக்கு ஒன்று. தபேலா, டிரம்ஸ், ரிதம் பேட் வாசிப்பவர்களுக்குப் பாட்டு வரிசையும் டெம்போவும் தெரிந்தால் போதும், ஒரு அச்சடித்த தாள் அந்த வேலையைச் செய்துவிடும்.

2. என்ன வாங்குவது, எவ்வளவு ஆகும்?

திரை 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, 11 இருந்தால் நல்லது. ஸ்டாண்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் இரண்டரை மூன்றடி இருக்கும். எட்டு அங்குலத் திரையில் தமிழ் எழுத்தை அந்தத் தூரத்திலிருந்து படிக்க முடியாது. உள்நினைவு 64 ஜிபி தாராளம், பாட்டுத் தாள்கள் அவ்வளவு இடம் பிடிக்காது. அதைவிடத் திரையின் வெளிச்சத்தைப் பாருங்கள். பகல் கச்சேரி செய்கிறவர்கள் 400 நிட்ஸுக்குக் கீழே வாங்கக் கூடாது.

ஆண்ட்ராய்டு டேப்லெட் 15,000 முதல் 22,000 ரூபாய்க்குள் நல்லதாகவே கிடைக்கிறது. புது ஐபேட் என்றால் குறைந்தது 35,000 ஒட்டி ஆகும். பழைய ஐபேட் மலிவாக வருகிறதே என்று அவசரப்படாதீர்கள். புதிய இயங்குதளம் ஏறாத பழைய மாடலில் நமக்கு வேண்டிய செயலி ஏறாமல் போகலாம். பணம் கொடுப்பதற்கு முன் அந்தக் கருவியிலேயே செயலியை இறக்கிப் பாருங்கள்.

மற்றவை: மைக் ஸ்டாண்டில் மாட்டும் திருகுப் பிடி 700 முதல் 1,500 ரூபாய். ஸ்பிரிங் பிடி வேண்டாம், பேஸ் கிட்டார் அதிர்வில் மெல்ல மெல்லக் கழன்று வரும். காலால் பக்கம் திருப்பும் புளூடூத் பெடல் 3,000 முதல் 8,000. திரையில் ஒட்டும் பளபளக்காத மேட் பாதுகாப்புத் தாள் 500க்குள். பவர் பேங்க் 1,500. ஆக ஆண்ட்ராய்டு என்றால் ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 21,000 முதல் 33,500 வரை தயார் செய்துகொள்ளுங்கள். காந்த மூடியுள்ள கவரோடு ஸ்டாண்டில் மாட்டாதீர்கள். காந்தம் தவறான இடத்தில் ஒட்டினால் திரை தானாக அணைந்துவிடும்.

பில்லைக் குழுத் தலைவர் பெயரிலேயே வாங்குங்கள். கருவியின் வரிசை எண்ணையும், சிம் போடும் மாடல் என்றால் ஐஎம்இஐ எண்ணையும் படம் எடுத்து வேறொருவர் போனிலும் போட்டு வையுங்கள். தொலைந்தால் அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐ எண்ணை முடக்கக் கேட்கக் காவல் நிலையப் புகார் நகலும் அடையாள அட்டையும் வேண்டும், பில்லும் இருப்பது நல்லது. சிம் இல்லாத மாடலுக்கு இந்த வசதி கிடையாது, அதற்கு பில்லும் வரிசை எண்ணும்தான் ஆதாரம்.

3. எந்தச் செயலி?

பெயர்கள் பல உண்டு, நமக்கு நான்கு போதும். ஃபோர்ஸ்கோர் ஆப்பிள் கருவிகளுக்கு மட்டும், பி.டி.எஃப் தாள்களைப் புரட்டுவதில் மிகச் சுகமானது. மொபைல்ஷீட்ஸ் ஆண்ட்ராய்டிலும் ஐபேடிலும் விண்டோஸிலும் ஓடும். ஆன்சாங், வரிகளும் கார்டும் (chord, பாட்டுக்குத் துணையாகச் சேர்த்து வாசிக்கும் சுரக்கூட்டு) மட்டும் எழுதிப் பாடுகிறவர்களுக்கு ஏற்றது. பேண்ட்ஹெல்பர், குழுவில் எல்லோருக்கும் ஒரே பட்டியல் போய்ச் சேர வேண்டும் என்பவர்களுக்கு.

தேர்ந்தெடுக்க ஒரு கேள்வி போதும்: மேடையில் சுருதி மாற்றுவீர்களா? தாளை ஸ்கேன் செய்தோ பி.டி.எஃப் ஆகவோ வைத்தால் அதில் உள்ள கார்டுகளைச் செயலி மாற்றித் தராது. வரிகளைத் தட்டச்சு செய்து, கார்டுகளைச் சதுர அடைப்புக்குள் போடும் கார்டுப்ரோ முறையில் வைத்தால் ஒரு தொடுதலில் முழுப் பாட்டும் வேறு சுருதிக்கு மாறும். பாடகர் வராமல் பாடகி பாட நேரும் நாளில் அதன் அருமை தெரியும்.

குழுவில் ஒருவரிடம் ஐபேட், இன்னொருவரிடம் ஆண்ட்ராய்டு என்றால் இரண்டிலும் ஓடும் செயலியையே எடுங்கள். மாதச் சந்தா கட்டும் செயலி என்றால் புதுப்பிக்கும் தேதியைக் குறித்து வையுங்கள். முகூர்த்த நாள் சாயங்காலம் சந்தா முடிந்தது என்று திரையில் வந்து நின்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

4. பாட்டுத் தாள் தயாரிப்பு

உழைப்பெல்லாம் இங்கேதான். இதை அவசரமாகச் செய்தவர்கள் திரும்ப நோட்டுக்கே போயிருக்கிறார்கள்.

மார்கழியில் தொடங்குங்கள். கல்யாணம் இருக்காது, ஒத்திகைக்கும் ஆட்கள் கிடைப்பார்கள். நாளைக்கு ஐந்து பாட்டு என்று வைத்தால் நாற்பது நாளில் இருநூறு பாட்டு சேர்ந்துவிடும். இந்த வட்டாரத்தில் எந்த மேடைக்கும் இருநூறு போதும். தை முகூர்த்தத்துக்கு ஒன்றிரண்டு மேடை பழகி, மாசி பங்குனித் திருவிழாவுக்குள் கை தேறிவிடும். ஆடியிலும் கல்யாணம் இல்லைதான், ஆனால் அம்மன் கோயில் கச்சேரிகள் நெருக்கும். அப்போது இந்த வேலையை எடுக்காதீர்கள்.

பழைய நோட்டைப் போன் ஸ்கேனரில் பிடித்துப் போடுவது தொடக்கத்துக்குச் சரி. பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். ஆனால் அதிகம் பாடும் ஐம்பது பாட்டையாவது தட்டச்சு செய்துவிட வேண்டும். வெளியே டிடிபி கடையில் கொடுத்தால் பக்கத்துக்கு 20 முதல் 40 ரூபாய் கேட்பார்கள். கொடுக்கும்போதே "யூனிகோடில் வேண்டும்" என்று அழுத்திச் சொல்லுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்தால் அச்சில் அழகாக இருக்கும், செயலிக்குள் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டிக் கிடக்கும்.

கார்டு போடும் இடத்திலும் ஒரு பொறி உண்டு. தமிழில் ஒரு எழுத்தின் நடுவே எதையும் நுழைக்கக் கூடாது. "கொ" என்பதில் மெய்க்கும் கொம்புக்கும் இடையில் கார்டு விழுந்தால் எழுத்து உடைந்து புள்ளி வட்டமாக நிற்கும். முழு எழுத்துக்கு முன்னால் மட்டும் அடைப்பைப் போடுங்கள்.

ஒவ்வொரு தாளின் தலையிலும் எங்கள் குழு எழுதும் வரி இப்படி இருக்கும்:

"2½ கட்டை, டி ஷார்ப் மைனர். டெம்போ 96. பாடகி தனி. கீபோர்டு டோன் 48. பேட் கிட் 7. ஹம்மிங்கில் எடுப்பு, கவுன்ட் இல்லை. முடிவு: பல்லவி 2 முறை, கடைசி அடியில் கட்."

டோன், கிட் என்பவை கீபோர்டிலும் பேடிலும் உள்ள ஒலிகளின் எண்கள், கவுன்ட் என்பது எண்ணித் தொடங்குவது. இந்த ஒரு வரிதான் தாளிலேயே முக்கியமானது. பாடுகிறவர்கள் சுருதியைக் கட்டையில் சொல்வார்கள், வாசிக்கிறவர்கள் ஸ்கேலில் பேசுவார்கள், இரண்டையும் எழுதுங்கள். ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. அரைக் கட்டைகள் இடையில் வரும் ஷார்ப்புகள். முடிவையும் மறக்காமல் எழுதுங்கள். ரெக்கார்டில் பாட்டு தேய்ந்துகொண்டே போய் அடங்கிவிடும். மேடையில் அப்படி முடிக்க முடியாது, எங்கே நிறுத்துவது என்று எழுதி வைக்காவிட்டால் ஆளுக்கொரு இடத்தில் நிற்பார்கள்.

அப்புறம், பாடகருக்கும் கீபோர்டுக்கும் ஒரே தாளைக் கொடுக்காதீர்கள். பாடகருக்கு இடையிசையின்போது கையும் கண்ணும் சும்மா இருக்கும், அவர் தாளில் பக்கம் அங்கே திரும்பட்டும். கீபோர்டுக்காரருக்கு நேர் எதிர். இடையிசையில்தான் இரண்டு கையும் ஓடும், சரணத்தில் கார்டு பிடித்து நிற்பார். அவர் தாளில் பக்கம் சரணத்தின் நடுவில் திரும்ப வேண்டும். ஒரே கோப்பை இரண்டாகப் பிரித்து அமைக்க ஒரு பாட்டுக்குப் பத்து நிமிடம் ஆகும், மேடையில் அந்தப் பத்து நிமிடத்தின் பலன் தெரியும். எழுத்து 20 புள்ளிக்குக் குறைய வேண்டாம், எந்தப் பாட்டும் மூன்று பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

தலைப்பு வைப்பதில் ஒரே முறையைப் பிடியுங்கள். பல்லவியின் முதல் இரண்டு சொல் தலைப்பு. படப் பெயர், பாடியவர், இசையமைத்தவர் எல்லாம் தனிக் கட்டங்களில். விருப்பம் கேட்கிறவர் பாதி நேரம் படப் பெயரைத்தான் சொல்வார். ற-ர, ண-ன மாறினாலோ ஒற்று விட்டுப்போனாலோ தேடல் கையை விரித்துவிடும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் ஆங்கில எழுத்தில் நான்கைந்து எழுத்துள்ள ஒரு சாவிச்சொல்லும் போட்டு வையுங்கள். அவசரத்தில் அதுதான் கைகொடுக்கும்.

5. பாட்டு வரிசை அமைப்பது

கச்சேரி ஏழு மணிக்குத் தொடங்கிப் பத்துக்கு முடிகிறது என்றால் 180 நிமிடம் முழுவதும் பாட்டு இல்லை. பொன்னாடை, வரவேற்பு, அன்பளிப்புக் கொடுத்தவர்கள் பெயர் வாசிப்பது என்று அரை மணி போய்விடும். மிச்சம் 150 நிமிடம். பாட்டுக்கு ஐந்தரை நிமிடம் என்று போட்டால் 27 பாட்டு. 27 மட்டும் எழுதி வைக்காதீர்கள். பதினெட்டுப் பாட்டுக்குக் "கட்டாயம்" என்று ஒரு நிறமும், ஒன்பதுக்கு "நேரமிருந்தால்" என்று வேறு நிறமும் கொடுங்கள். நேரம் தட்டினால் இரண்டாவது நிறத்தை மட்டும் தாண்டிப் போகலாம், யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

முதல் பாட்டு பிள்ளையாருக்கு, அதில் மாற்றமில்லை. இரண்டாவது பாட்டை முன்கூட்டியே விசாரியுங்கள். நகரத்தார் வீட்டு விசேஷம் என்றால் அவர்கள் எந்தக் கோயில் பிரிவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். வைரவன்பட்டிக் கோயில் பிரிவுக்காரர் வீட்டில் வைரவர் பாட்டு ஒன்று வந்தால் ஆச்சிமார் முகமே சொல்லும். குன்றக்குடி முருகனுக்கும், தைப்பூசப் பாதயாத்திரை அன்னதான மேடைகளுக்கும், காரைக்குடி கொப்புடைய நாயகி, முத்துமாரியம்மன் திருவிழாக்களுக்கும் தனித்தனி அடைவு (ஃபோல்டர்) செய்து வைத்தால் ஒவ்வொரு முறையும் தேட வேண்டியதில்லை.

வரிசையில் பார்க்க வேண்டியவை: உச்சத்தில் பாடும் இரண்டு பாட்டு அடுத்தடுத்து ஒரே குரலுக்கு வரக் கூடாது. ஒரே சுருதியில் மூன்று பாட்டு தொடர்ந்து வந்தால் காது சலிக்கும். டூயட்டுக்கு முன் தனிப்பாட்டு இருந்தால் அடுத்தவர் மைக்குக்கு வந்து நிற்க நேரம் கிடைக்கும்.

விருப்பச் சீட்டு வருவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. தொகுப்பாளர் சீட்டை வாங்கி, இருநூறில் இருக்கிறதா என்று அவரே தன் போனில் பார்த்துவிட்டு, இருந்தால் மட்டும் குழு நடத்துபவரிடம் கொடுக்கட்டும். அந்தப் பாட்டை "அடுத்து" என்ற இடத்தில் செருகினால் போதும். மூலப் பட்டியலில் கை வைக்காதீர்கள். ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒரு நகல் எடுத்து, ஊர் பெயரும் தேதியும் போட்டு, மாற்றமெல்லாம் அந்த நகலில் செய்யுங்கள். இரண்டு டேப்லெட் இருந்தால் ஒருவர்தான் வரிசையை மாற்ற வேண்டும். யார் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

6. அனுமதியும் காகிதமும்

பாட்டு வரிசைக்கும் காவல் நிலையத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்கு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. உங்கள் கச்சேரி நாள் அதில் வருகிறதா என்று கமிட்டிக்காரர்களின் வாய்ச்சொல்லை நம்பாதீர்கள், எழுத்தில் உள்ள அனுமதியைக் கேளுங்கள். அனுமதி வாங்குவது விழா நடத்துபவர் வேலை. பதினைந்து நாளுக்கு முன்னாலேயே மனு கொடுக்கச் சொல்லி நினைவூட்டுவது நம் வேலை.

திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுமதி கொடுக்கும்போது சாதி, கட்சி சார்ந்த பாட்டு கூடாது, ஆபாசம் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளை விதித்து வருகிறது. அப்படிப்பட்ட பாட்டுகளுக்குச் செயலியில் "திருவிழாவுக்கு வேண்டாம்" என்று ஒரு குறி போட்டுவிடுங்கள். சீட்டில் கேட்டு வந்தாலும் குறி கண்ணில் பட்டதும் மறுத்துவிடலாம். ஊரில் ஒரு சண்டை தவிர்ந்ததாக இருக்கும்.

பதிப்புரிமை: 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்.ஏ) பிரிவு, மதச் சடங்குகளிலும் திருமண ஊர்வலம் உள்ளிட்ட திருமணம் சார்ந்த கொண்டாட்டங்களிலும் பாடுவதற்கு விலக்குத் தருகிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை இதை அறிவிப்பாகவே சொன்னது. டிக்கெட் போட்டு மண்டபத்தில் நடத்தினால் கதை வேறு. பாட்டு உரிமையாளர்களின் அமைப்பான இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டியிடம் உரிமம் வாங்க வேண்டும். நடத்துபவர் வாங்கிவிட்டாரா என்று கேட்டு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பாடிய பாட்டுப் பட்டியல் கேட்டால் செயலியிலிருந்து அப்படியே எடுத்துக் கொடுக்கலாம்.

ஒப்பந்தச் சீட்டு, முன்பண ரசீது, ஒலிபெருக்கி அனுமதி மூன்றையும் பி.டி.எஃப் ஆக்கி அன்றைய பட்டியலின் கடைசியில் சேர்த்துவிடுங்கள். மேடைக்கு யார் வந்து கேட்டாலும் கடைசிப் பக்கத்தைக் காட்டிவிடலாம்.

7. மேடை ஏறுமுன் கருவியைப் பூட்டுங்கள்

விமான நிலையில் போட்டு, பெடலுக்காகப் புளூடூத்தை மட்டும் திரும்ப இயக்குங்கள். தானாகத் திரை அணைவதையும், தானாக வெளிச்சம் மாறுவதையும் நிறுத்துங்கள். ஐபேடில் கைடட் அக்சஸ், ஆண்ட்ராய்டில் ஸ்கிரீன் பின்னிங் போட்டால் தவறித் தொட்டாலும் செயலியை விட்டு வெளியே போகாது. பாட்டுகள் எல்லாம் கருவிக்குள்ளேயே இறங்கியிருக்க வேண்டும். மேகச் சேமிப்பில் (கிளவுட்) இருக்கிறது என்று நம்பிப் போனால், தடித்த சுவர் வைத்த பெரிய வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காமல் தவிப்பீர்கள்.

பெடல் இணைந்திருக்கும்போது தட்டச்சுப் பலகை திரையில் வராது, ஏனென்றால் கருவி பெடலையே ஒரு தட்டச்சுப் பலகையாக நினைத்துக்கொள்ளும். ஆண்ட்ராய்டு அமைப்பில் திரைப் பலகையையும் காட்டு என்று ஒரு தேர்வு இருக்கிறது, வீட்டிலேயே போட்டுவிடுங்கள். பல பெடல்கள் சிறிது நேரம் மிதிக்காவிட்டால் தூங்கிவிடும். நீண்ட வரவேற்புரைக்குப் பிறகு ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட்டு பாட்டை எடுங்கள்.

கரோக்கி டிராக்கை அதே டேப்லெட்டிலிருந்து ஓட விடாதீர்கள், அதற்கு வேறு கருவி. மைக் செட்காரரின் மின்சாரத்தில் சார்ஜ் போட்டபடி ஒலிக் கம்பியையும் செருகினால் ஸ்பீக்கரில் இரைச்சல் கிளம்ப வாய்ப்பு உண்டு. பவர் பேங்க் அதற்குத்தான்.

8. வளவும் பந்தலும்

பெரிய வீட்டு வளவில் (நடு முற்றத்தில்) கச்சேரி என்றால் இரண்டு விஷயம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை வழுவழுப்பு, பெடல் மிதிக்க மிதிக்க முன்னால் ஓடும். அடியில் ஒரு முழ ரப்பர் விரிப்பு போடுங்கள். டேப் ஒட்டாதீர்கள், பூக்கல்லில் பசை ஏறினால் வீட்டுக்காரர் மனது நோகும். அடுத்தது வானவெளி. நடுப்பகலில் மேலிருந்து வெளிச்சம் நேராகத் திரையில் விழும். பட்டாலை (முற்றத்தின் ஓரத்து உயர்ந்த திண்ணை) பக்கம் முதுகு காட்டாமல், தூணின் நிழல் திரையில் விழும்படி ஸ்டாண்டைத் திருப்புங்கள்.

பந்தலில் பகை வெப்பம். ஐபேடுக்கு ஆப்பிள் சொல்லும் வேலை வெப்பம் 0 முதல் 35 டிகிரி வரை. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்கு அடியில் அதைத் தாண்டாத நாள் குறைவு. சூடு ஏறினால் முதலில் திரை மங்கும், பிறகு எச்சரிக்கை காட்டி நின்றுவிடும். கவரைக் கழற்றுங்கள், சார்ஜ் போடாதீர்கள், சின்ன மின்விசிறி ஒன்றைக் கருவியின் முதுகுக்குத் திருப்புங்கள். ஐஸ் வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும். கச்சேரி முன் வெயிலில் நிற்கும் வேனுக்குள் விட்டு வைக்காதீர்கள்.

ராத்திரி மழை பெய்து விட்டால் ஈசல் திரையைத் தேடி வரும். கையால் தட்டப் போனால் பக்கம் புரண்டு பாடகர் வேறு சரணத்தில் நிற்பார். கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தாக மாற்றி வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்தால் வருவது குறையும். தொட்டால் பக்கம் திரும்பும் வசதியை நிறுத்தி, பெடலில் மட்டும் திருப்பும்படி வைத்தால் ஈசலும் வேர்வைத் துளியும் ஒன்றும் செய்ய முடியாது.

9. ஒத்திகை, மாற்று ஏற்பாடு

முதல் முறை மேடைக்குக் கொண்டுபோகும் முன் மூன்று மணி நேரப் பட்டியல் ஒன்றை, உட்கார்ந்து அல்ல, ஸ்டாண்டும் பெடலும் போட்டு நின்று, ஆரம்பம் முதல் முடிவு வரை ஓட்டிப் பாருங்கள். சார்ஜ் எத்தனை சதவீதம் இறங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் சில கச்சேரிகளுக்கு நோட்டும் கூடவே வரட்டும். அதற்குப் பிறகும் "கட்டாயம்" என்ற பதினெட்டுப் பாட்டின் அச்சுத் தாள் ஒரு கோப்பில் கீபோர்டுக்கு அடியில் எப்போதும் இருக்க வேண்டும். முழுத் தொகுப்பின் நகல் ஒன்று பென் டிரைவிலும், ஒன்று வேறொருவர் கருவியிலும் இருக்கட்டும். புதுப்பிப்பு வந்திருக்கிறது என்று காட்டினால் கச்சேரிக்கு முந்தின நாள் அதைத் தொடாதீர்கள், முடிந்த மறுநாள் போடலாம்.

கச்சேரி முடிந்து ஒயரெல்லாம் சுருட்டிக்கொண்டிருக்கும்போதே அன்றைய நகலைத் திறந்து, எது பாடினோம், எது விட்டோம், எந்தப் பாட்டுக்குக் கூட்டம் திரும்பக் கேட்டது என்று குறித்துவிடுங்கள். மறுநாள் மறந்துபோகும். அதே கமிட்டி அடுத்த வருடமும் கூப்பிடும்போது இந்தப் பட்டியலைப் பார்த்து, திரும்பக் கேட்டதை வைத்துக்கொண்டு மிச்சத்தில் பாதியையாவது மாற்றிவிட்டு முன்பணம் வாங்கப் போங்கள்.